சாம்பல் பூதம் விழும் நேரம்

ஜனவரி 11

அக்கா,

லாரியின் ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் திட்டாதே. நீ தைத்து அனுப்பிய முகமூடி வந்து சேர்ந்தது. மூக்குக்கு இந்தத் தடவை இடம் விட்டிருக்கிறாய், உனக்குப் புண்ணியமாகப் போகும். போன முகமூடியில் பாதி ஆட்டம் வாயால்தான் மூச்சு வாங்கினேன். கழுத்துப் பக்கம் உள்ளே ஒரு பஞ்சுப் பட்டை வைத்திருப்பதையும் பார்த்தேன். நான் அதைக் கேட்கவில்லையே. "என்னப்பா, பூதத்துக்குக் கழுத்து பருத்துப்போச்சு" என்று ரெஃப்ரி சிரித்தார்.

இங்கே என் பிழைப்பு எப்படிப் போகிறது தெரியுமா? காலையில் மல்யுத்த ரிங் லாரியை ஓட்டிக்கொண்டு வந்து, பலகையும் கம்பமும் இறக்கி, கயிறு கட்டி, மேட் விரிக்கிறேன். சாயங்காலம் அதே மேட்டில் சாம்பல் பூதமாக ஏறி அண்ணனிடம் உதை வாங்குகிறேன். ஜனங்கள் காகிதக் கோப்பைகளை என் மேல் விட்டெறிந்து, "ஒழிஞ்சான்டா" என்று சந்தோஷமாகக் கலைந்த பிறகு, உதை வாங்கிய மேட்டை நானே சுருட்டி லாரியில் ஏற்றுகிறேன். முகமூடி இல்லாவிட்டால் நான் வெறும் டிரைவர். போன வாரம் ஒருவர் என்னிடமே வந்து, "அந்தப் பூதம் எந்த ரூம்ல இருக்கான்? நாலு கேள்வி கேக்கணும்" என்றார். மாடியில் ஒரு ரூமைக் காட்டி அனுப்பிவைத்தேன்.

அண்ணனும் நானும் ஒரே ஊரில்தான் இருக்கிறோம். ஆனால் அவன் வேறு பஸ், வேறு லாட்ஜ். எதிரிகள் ஒரே கடையில் டீ குடித்தால் டிக்கெட் விற்காது என்பது முதலாளி போட்ட சட்டம். அதனால் மேட்டில்தான் பேசிக்கொள்கிறோம். என் கையை முறுக்கிக்கொண்டே காதோரமாக, "அக்கா லெட்டர் போட்டாளா?" என்கிறான். நான் "ஐயோ, செத்தேன்" என்று ஊருக்கெல்லாம் கேட்க அலறிவிட்டு, மெதுவாக "போட்டா, நல்லாயிருக்காளாம்" என்கிறேன். மூன்று மாதமாக நம் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கழுத்து நன்றாக இருக்கிறது. அண்ணன் என்னைத் தூக்கும்போது கண்ணாடிச் சாமான் தூக்குகிற மாதிரிதான் தூக்குகிறான்.

சனிக்கிழமை டிவியில் போட்டார்களா? அப்பா பார்த்தாரா? பூதத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரம் எழுது.

உன் தம்பி


ஜனவரி 19

டேய் பூதம்,

முதலில் ஒன்று. கடை விலாசத்துக்கு மட்டும் எழுது. போன கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போட்டிருக்கிறாய். நல்லவேளை, தபால்காரர் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். போனும் வேண்டாம். அது அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் தையல் கடைக்கு மட்டும் அவர் வருவதில்லை. மெஷின் சத்தம் தலையைக் குடைகிறதாம்.

பஞ்சுப் பட்டையை ஏன் வைத்தேன் என்று தெரியாதவன் மாதிரி எழுதியிருக்கிறாய். உனக்கு வசதியாக மறந்துபோகிறது, அதனால் நான் எழுதிவைக்கிறேன். உனக்குப் பத்தொன்பது வயது. பயிற்சியில் விழுந்து கை மரத்துப்போனதென்று எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தில் இரண்டு எலும்பு பிறவியிலேயே ஒட்டியிருக்கிறது, ஒரு தடவை தப்பாக விழுந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யாது என்றார். மறுநாள் அப்பா உன் பூட்ஸைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். "தாத்தா ஏறினாரு, நீங்க ஏறினீங்க, அண்ணன் ஏறுறான், நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" என்று நீ குதித்தாய். பிறகு லாரி ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினாய். இன்றைக்கும் அப்பாவைப் பொறுத்தவரை நீ லாரிதான் ஓட்டுகிறாய். அண்ணனும் நீயும் சேர்ந்து போட்ட திட்டத்துக்கு நானும் நூலும் ஊசியுமாக உடந்தை.

போகட்டும். நீ கேட்டதற்கு வருகிறேன். சனிக்கிழமை போட்டார்கள். அப்பா பார்த்தார். "யாரிந்தச் சாம்பல்காரன்? மடிப்புக் கலையாம விழறானே" என்றார். போதுமா? இனியாவது நிம்மதியாகச் சாப்பிடு.

அண்ணனிடம் மேட்டில் சொல், அவனுடைய நீலச் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கிவிட்டேன் என்று. தொப்பையைக் குறைக்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

மடிப்புக் கலையாமல்! அப்பாவா சொன்னார்? அண்ணன் முதல் தடவை ஜெயித்த அன்றைக்குக்கூட வெறும் "ம்" என்று மட்டும் சொன்னவராயிற்றே. உன் கடிதத்தை லாரியில் கண்ணாடிக்கு மேலே செருகிவைத்திருக்கிறேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறேன், பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கிறான்.

அண்ணனுக்கு ரிங்கில் சொன்னேன். என்னைக் கயிற்றில் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தவன் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான். "அப்பாவா சொன்னாரு?" என்றான். "ஆமாண்டா" என்றேன். பொறாமை போலிருக்கிறது. அன்றைக்கு என்னைக் கொஞ்சம் நிஜமாகவே அறைந்தான்.

அந்த ஒரு வார்த்தைக்காக இந்த வாரம் ஒரு காரியம் செய்தேன். இரண்டாவது கயிற்றில் ஏறி, ரிங்குக்கு வெளியே மல்லாந்து விழுந்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. முதலாளி முதல் தடவையாக என் தோளைத் தட்டினார். அண்ணன்தான் தாம் தூம் என்று குதித்தான். என் மேல் உட்கார்ந்து கழுத்தைப் பிடிக்கிற சாக்கில், "நான் உன்னைப் பாத்துப் பாத்துத் தூக்குறேன், நீ பாட்டுக்குத் தாவுறியே, அறிவிருக்கா?" என்று பல்லைக் கடித்தான். பார்க்கிறவர்களுக்கு அது பிரமாதமான கோபம். ரெஃப்ரியே அசந்துபோனார்.

டிவியில் இந்தச் சனிக்கிழமை வரும். அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

தம்பி


பிப்ரவரி 13

தம்பி,

பார்த்தேன். கையிலிருந்த துணியை ஊசியோடு சேர்த்துக் கசக்கிவிட்டேன், விரலில் குத்திவிட்டது. அப்படி என்ன கொள்ளை போகிறது உனக்கு?

அப்பா சொன்னது இது. "விழறது நல்லாத்தான் இருக்கு. ஆனா கயித்துலேருந்து குதிக்கிறது வேலையில்லாத வேலை. தரையில விழறதுலதான் அழகு." கேட்டுக்கொண்டாயா? தரையில் விழுவதில்தான் அழகாம். இனிமேல் கயிற்றில் ஏறாதே.

அண்ணனுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, இந்த வாரம் வீட்டுக்கு வந்து ஓய்வெடுக்கப் போகிறான் என்று செய்தி வந்தது. அவன் இல்லாதபோது உன்னை யார் தூக்குவார்கள்? புது ஆளிடம் கழுத்தைக் கொடுக்காதே. சளி, காய்ச்சல், எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்.

வாடகைக்காரர்கள் மாடியைக் காலி செய்துவிட்டார்கள். வீடு காலியாக இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் உன்னைக் காதைத் திருகி இழுத்துவந்திருப்பாள். எனக்கு எழுதத்தான் தெரிகிறது.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உட்கார்ந்து எழுத முடியவில்லை, நடந்துகொண்டே மனதில் எழுதியதை இப்போது காகிதத்தில் இறக்குகிறேன்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். பருவத்தின் கடைசி ஆட்டம், ஏப்ரல் முதல் ஞாயிறு, பெரிய அரங்கம், நேரடி ஒளிபரப்பு. அண்ணனும் பூதமும். பூதம் தோற்றால் அவன் முகமூடி கிழியும். தோற்பது நான்தான், அதில் என்ன சந்தேகம். மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து அண்ணன் என்னைத் தலைகீழாகத் தூக்கிப் போடுகிறான். நான் அசையாமல் கிடக்கிறேன். அவன் முகமூடியை உருவுகிறான். அறிவிப்பாளர் என் முகத்தைப் பார்த்து அதிர்ந்துபோய், "ஐயோ, இவன் அவனுடைய சொந்தத் தம்பி! மூன்றாவது தலைமுறை!" என்று அலறுகிறார். அடுத்த பருவத்திலிருந்து நான் என் முகத்தோடு, நம் குடும்பப் பெயரோடு ஏறுவேன்.

அக்கா, எனக்கு முப்பத்திரண்டு வயது. எத்தனையோ ஊரில் விழுந்து எழுந்துவிட்டேன், ஒரு ஆளுக்கும் என்னைத் தெரியாது. கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள் என்னிடம் பேனாவைக் கொடுத்து, அண்ணனிடம் வாங்கித்தரச் சொல்கிறார்கள். இது ஒன்றுதான் எனக்கு வாசல். நேரடி ஒளிபரப்பு வேறு. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடிப்புக் கலையாமல் விழுகிறவன் யாரென்று அவருக்குத் தெரியவரும். அந்த முகத்தை நான் பார்க்க முடியாதே என்பதுதான் குறை. நீ பார்த்து எனக்கு எழுத வேண்டும்.

அண்ணன் முடியாது என்கிறான். வேறு எப்படி வேண்டுமானாலும் தோற்கடிக்கிறேன், கம்பத்து மேலிருந்து மட்டும் போட மாட்டேன் என்று முதலாளியிடம் சண்டை. நீ போடாவிட்டால் வேறு ஆள் போடுவான், பூதம் சம்மதித்துவிட்டான் என்று அவர் சொல்லிவிட்டார். நான் சம்மதித்துவிட்டேன்.

எனக்கு ஒரு புது முகமூடி வேண்டும். பின்பக்கக் கயிறு ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி. சிக்கிக்கொண்டால் மானம் போய்விடும். தரையில் விழுவதில்தான் அழகு என்று அப்பா சொன்னது எனக்குப் புரியவில்லை. அவரே கம்பத்து மேலிருந்து குதித்துத்தானே பேர் வாங்கினார்? வயதானால் இப்படித்தான் பேசத் தோன்றும் போல.

இடது கை விரல்கள் கொஞ்சம் மதமதவென்று இருக்கின்றன. லாரி ஸ்டியரிங் வேலை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 9

தைக்க மாட்டேன்.

விரல் மரத்துப்போவது ஸ்டியரிங்கால் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டரிடம் போ. "அந்தச் சாம்பல்காரன் இனிமே கம்பத்துமேல ஏறக் கூடாது, ஏறினா அவன் மல்யுத்தக்காரனே இல்லை" என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

அப்பா சொல்லிவிட்டாரா? எங்கே சொன்னார்? பாத்ரூமுக்குள் இருந்தா?

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சனிக்கிழமை மேட்டில் என்ன நடந்தது என்று முதலில் கேட்டுக்கொள். விழுந்து கிடக்கிறவனின் கையை மேலே இருப்பவன் ஒரு தடவை அழுத்துவான், நல்லாயிருந்தால் இவன் திருப்பி அழுத்த வேண்டும். சின்ன வயதில் நாம் மூன்று பேரும் இதைத்தான் விளையாடுவோம். அன்றைக்கு அண்ணன் என் இடது கையை அழுத்தியிருக்கிறான். நான் அழுத்தவில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறான். எனக்குத் தெரியவே இல்லை, அக்கா. என் கையை ஒருவன் பிடித்திருக்கிறான் என்பதே தெரியவில்லை. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் என்னவோ என்று வலது கையைத் தூக்கினேன்.

ஆட்டம் முடிந்ததும் சட்டத்தை மீறி லாரிக்கே வந்துவிட்டான். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதென்று மழைக்கோட்டு, கையில் துடைப்பம், வாளி. அந்த உடம்புக்கு அந்தக் கோட்டு முழங்கை வரைதான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்து உருண்டிருப்பேன். "ஏறாதடா, என் கையால உன்னைக் கொல்ல வைக்காதே" என்று அழுதான். நான், "அப்பாவே என்னைப் பாராட்டுறாரு, உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்று கேட்டேன். அவன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டான். "அப்பாவா? அவரு பூதத்தைப் பார்க்கறதே இல்லடா. முட்டி வீங்கி வீட்ல இருந்தப்ப என் கண்ணால பாத்தேன். நீ வந்தா எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கறாரு. ஆட்டம் முடிஞ்சுதான் வராரு" என்றான்.

மடிப்புக் கலையாமல் விழுகிறான்! அப்பா என்றைக்கு மடிப்பு, கிடிப்பு என்று பேசியிருக்கிறார்? தையல்காரி பேச்சு என்று எனக்குத்தான் உறைக்கவில்லை. சிக்னலில் நிறுத்தி நிறுத்திப் படித்தேனே, என்னை எதால் அடிப்பது? அதற்காகத்தான் கயிற்றிலிருந்து விழுந்தேன் என்று தெரிந்தும் அடுத்த கடிதத்தில் இன்னொன்று எழுதினாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

நான் ஏறத்தான் போகிறேன். என்னைப் பார்க்கக்கூடப் பிடிக்காதவருக்காக நான் ஏன் இறங்க வேண்டும்? முகமூடி தைக்க ஊரில் வேறு ஆளே இல்லையா?


மார்ச் 23

தம்பி,

ஆமாம், நான்தான் சொன்னேன். என்ன இப்போது?

முதல் சனிக்கிழமை என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பிறகு என்னை அடி. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பூதம் வந்தான். அண்ணன் தூக்கிப் போட்டான். நீ விழுந்தாய், தாடை மார்போடு, இடது உள்ளங்கை முதலில். உலகத்தில் எத்தனையோ பேர் விழுகிறார்கள், அப்படி விழுகிறவன் நம் வீட்டுக் கூடத்தில் மெத்தை விரித்து விழுந்து பழகியவன் மட்டும்தான். அப்பா எழுந்தார். என்னைப் பார்த்தார். முகமூடியின் தையலைப் பார்த்தாரோ என்னவோ, என் கையைப் பார்த்தார். பாத்ரூமுக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். விளம்பரம் வந்த பிறகுதான் வெளியே வந்தார். முகம்கூடக் கழுவவில்லை. அவர் என்னைக் கேட்கவில்லை, நான் அவருக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இப்படித்தான்.

ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆகிருதியான மனுஷன், ஒரு காலத்தில் அரங்கத்தையே கிடுகிடுக்க வைத்தவர், பிளாஸ்டிக் வாளி மேல். இதையா நான் உனக்கு எழுத? பொய் சொன்னேன். உன் பதில் கடிதத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு உன்னை நிறுத்துவதற்காக இன்னும் பொய் சொன்னேன். அது எடுபடவில்லை. உனக்கு யார் சொல்லி எது எடுபட்டது?

பார்க்கப் பிடிக்காமல் எழுந்து போகிறார் என்று எழுதியிருக்கிறாய். பிடிக்காதவன் சேனலை மாற்றுவான், எருமை.

இத்துடன் முகமூடி வைத்திருக்கிறேன். வேறு எவனோ தைத்ததைப் போட்டுக்கொண்டு நீ மூச்சு முட்ட வேண்டாம். பின்பக்கத்தில் கயிறே வைக்கவில்லை. அழுத்து பொத்தான் வைத்திருக்கிறேன், சின்னக் குழந்தைச் சட்டையில் வைப்பது. இதைக் கழற்ற யாரும் உன்னைக் கம்பத்திலிருந்து தூக்கிப் போட வேண்டியதில்லை. நீயே ஒரு கையால் கழற்றலாம். மரத்துப்போகாத கையால்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி காலடியில் இருக்கிறது. முதலாளி என்னை அனுப்பிவிட்டார். லாரி சாவியையும் வாங்கிக்கொண்டார். எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எழுந்து பலகையைப் பார்க்கிறேன், மறுபடி வந்து உட்கார்கிறேன்.

நீ டிவியில் பார்த்திருப்பாய். ஆனால் நடந்தது டிவியில் தெரிந்திருக்காது. கடைசிக் கட்டம். அண்ணன் கம்ப உச்சியில் நின்றான். நான் முதல் கயிற்றில் ஏறினேன். இரண்டாவதில் ஏறினேன். இடது கை கயிற்றைப் பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பிக் கையைப் பார்க்க வேண்டியிருந்தது. பிடித்துத்தான் இருந்தது, யாருடைய கையோ மாதிரி. அண்ணன் என் பிடரியைப் பிடித்து உறுமினான். உறுமிக்கொண்டே "கால்ல விழறேன், இறங்குடா" என்றான். எனக்கு அப்போதும் இறங்கத் தோன்றவில்லை. இன்னும் ஒரு கயிறு, பிறகு என் முகம், என் பெயர். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு யார் இறங்குவான்?

அப்போது குழாய் திறந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. இந்த நிமிஷம் அவர் வாளி மேல் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் என்னை இறக்கின. நல்ல எண்ணம் என்று எழுதினால் பொய்.

கீழே இறங்கினேன். ரிங் நடுவில் நின்று, பின்னால் கையை விட்டுப் பொத்தானைப் பிரித்தேன். டப் டப் என்று விட்டது. முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அவ்வளவு பெரிய அரங்கத்தில் மேலே விளக்குகளுக்குப் பக்கத்தில் சுற்றும் விசிறியின் சத்தம் கேட்டது. அறிவிப்பாளர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை என் பெயரைச் சொல்லவே இல்லை. முன்வரிசையில் ஒருவர், "யாருடா இவன்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார். பிறகு கூச்சல் ஆரம்பித்தது. காசைத் திருப்பிக் கொடு என்றார்கள், பயந்தாங்கொள்ளி என்றார்கள். அண்ணன் இறங்கிவந்து என் வலது கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினான். திருப்பி அழுத்தினேன். இறங்கி நடந்தேன். வழியெல்லாம் கோப்பையாக விழுந்தது.

நாளைக்கு இந்த ஊரிலேயே ஒரு எலும்பு டாக்டரைப் பார்க்க அண்ணன் சொல்லிவைத்திருக்கிறான். அது நடக்கட்டும். இனி எனக்கு எந்த ரிங்கும் இல்லை. தாத்தா, அப்பா, அண்ணன் என்று வரிசையாகச் சொல்லும்போது நான் அதில் வர மாட்டேன். ஒரு கணம் நிம்மதி, மறுகணம் ஓடிப்போய் முதலாளி காலில் விழலாமா என்றிருக்கிறது.

நீ ஒன்று மட்டும் செய். அன்றைக்கு வீட்டில் என்ன நடந்ததோ அதை நடந்தபடி எழுது. எனக்குப் பாராட்டு வேண்டாம். அவர் வெளியே வரவே இல்லை என்றால் வரவே இல்லை என்று எழுது. டாக்டர் பக்கத்திலுள்ள லாட்ஜ் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. பதில் வரும் வரை இங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

இதில் ஒரு எழுத்துகூட என் சொந்தச் சரக்கு இல்லை. எதிர் வீட்டு ஜன்னலில் நின்றிருந்த பாட்டியைக் கேட்டுக்கொள், அவளும் பாதியைப் பார்த்தாள்.

வழக்கம்போல நீ வந்ததும் அப்பா உள்ளே போனார். குழாய் திறந்தது. நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு நின்றபடியே பார்த்தேன். நீ கயிற்றில் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நீ கீழே நின்று பின்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாய். முகமூடி கழன்று கையோடு வந்துவிட்டது. கூட்டம் அடங்கியது.

குழாய்ச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கூட்டம் கத்துகிறவரை பயமில்லை, கூட்டம் அடங்கினால் எவனோ எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். நம் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். பாத்ரூம் கதவு சுவரில் அறைந்த சத்தம் கேட்டது. அப்பா ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஈரக் கால் வழுக்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிவியைப் பார்க்கப் பயந்து என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. "சொல்லு" என்றார்.

"நிக்கிறான்பா" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். உன் முகத்தைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பார்த்தார். "முடி கொட்டிப்போச்சே இவனுக்கு" என்றார். நீ நன்றாக விழுகிறாய் என்று சொல்லவில்லை. இறங்கியது சரி என்றும் சொல்லவில்லை. நான் சேர்த்து எழுதவும் போவதில்லை.

அப்புறம் கூச்சல் ஆரம்பித்தது. நீ கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாய். கோப்பைகள் உன் தோளில் பட்டு விழுந்தன. அப்பா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே இருப்பவர்களிடம் பேசுகிற மாதிரி டிவியிடம் பேசினார். "கத்துங்கடா. நல்லா கத்துங்க. என் பிள்ளை நடந்து போறான்."

நீ திரையை விட்டு மறையும்வரை நின்றுகொண்டே பார்த்தார்.

அக்கா